பிரிக்காத பாக்கெட்

‘போக்கிமான் டிசிஜி பாக்கெட்’ என்ற கைபேசி விளையாட்டில் ஒரு கார்டு பாக்கெட்டைப் பிரிக்க வேண்டுமானால், திரையின் குறுக்கே விரலால் ஒரு கோடு இழுக்க வேண்டும். பளபளக்கும் உறை கிழியும். ஐந்து கார்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளியே வரும். உண்மையில் அங்கே உறையும் இல்லை, தாளும் இல்லை, கிழிவதற்கு எதுவுமே இல்லை. ஐந்து கார்டையும் நேராகக் காட்டிவிட்டு வேலையைப் பார்க்கலாம். ஆனாலும் இல்லாத உறையை வரைந்து, அதற்கு ஒரு மினுக்கும் ஓசையும் கொடுத்து, கிழிப்பதற்கென்றே ஒரு சடங்கைச் செய்து வைத்திருக்கிறார்கள்.

அது வீண் வேலை இல்லை. விளையாட்டின் விதிகள் எத்தனையோ முறை மாறிவிட்டன. உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாமல் வாங்கும் அந்த மூடிய உறைதான் ஏறக்குறைய 150 ஆண்டுகளாக முதலாளி மாற்றி, கண்டம் மாற்றி வந்துகொண்டே இருக்கிறது. இத்தனைக்கும் அது விளையாட்டுக்காகப் பிறந்ததே அல்ல. சிகரெட் நசுங்காமல் இருப்பதற்காகப் பிறந்தது.

1870களில் அமெரிக்க சிகரெட்டுகள் மெல்லிய தாள் உறையில் விற்கப்பட்டன. சட்டைப்பையில் வைத்தால் வளைந்து உடையும். அதைத் தடுக்க உள்ளே ஒரு சிறு அட்டையைச் செருகினார்கள். வர்ஜீனியா மாநிலத்து ரிச்மண்ட் நகரில் ஆலன் அண்ட் ஜின்டர் என்றொரு புகையிலை நிறுவனம். எப்படியும் அட்டை வைக்கத்தான் போகிறோம், வெற்றாக எதற்கு வைக்க வேண்டும் என்று அவர்கள் அதில் படம் அச்சிட்டார்கள். நடிகைகள், பறவைகள், நாட்டுக் கொடிகள், பேஸ்பால் வீரர்கள் என்று வரிசை வரிசையாகப் படங்கள். வண்ணக் கல்லச்சு மலிவாகிக்கொண்டிருந்த காலம் அது. ஒரு வரிசை முழுவதையும் சேர்க்க வேண்டுமானால் தொடர்ந்து வாங்க வேண்டும்; கிடைத்ததே மறுபடி கிடைத்தால் பக்கத்து வீட்டுக்காரரிடம் மாற்றிக்கொள்ள வேண்டும். பாக்கெட்டுக்குள் இருப்பது கண்ணுக்குத் தெரியாது என்பதே வியாபார உத்தியாகிவிட்டது.

இதே நிறுவனம் செய்த இன்னொரு காரியம் வேடிக்கையானது. சிகரெட் சுருட்டும் இயந்திரம் ஒன்றைச் செய்து தருபவருக்கு 75,000 டாலர் பரிசு என்று அறிவித்தது. ஜேம்ஸ் போன்சாக் என்ற இளைஞர் அப்படியொன்றைச் செய்தும் காட்டினார். ஆனால் நிறுவனம் அதை எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்துக்கொண்டவர் போட்டியாளர் ஜேம்ஸ் டியூக். ஒரு நாளைக்கு லட்சத்துக்கும் மேல் சிகரெட் சுருட்டித் தள்ளும் இயந்திரம் கையில் வந்ததும், அத்தனையையும் விற்றுத் தீர்க்க அவருக்கு ஒரு வழி வேண்டியிருந்தது. ஆலன் அண்ட் ஜின்டரின் படக் கார்டையே எடுத்துக்கொண்டார். இயந்திரத்தைக் கைவிட்டவர்கள் கார்டையும் பறிகொடுத்தார்கள். 1890இல் பெரிய நிறுவனங்கள் ஐந்தும் டியூக்கின் தலைமையில் ஒன்றாகி அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி ஆயின. போட்டி ஒழிந்தது, போட்டி இல்லாத இடத்தில் இலவசப் படம் எதற்கு? கார்டுகள் குறைந்துபோயின. இலவசம் என்பது யாரோ ஒருவர் இன்னொருவருக்கு அஞ்சும்வரைதான் என்பதை இந்தக் கதையில் இன்னும் சில இடங்களில் பார்ப்போம்.

அதற்குள் கார்டு அட்லாண்டிக் கடலைத் தாண்டிவிட்டது. பிரிட்டனில் வில்ஸ், ஜான் பிளேயர் என்ற சிகரெட் நிறுவனங்கள் கோட்டைகள், கப்பல்கள், கிரிக்கெட் வீரர்கள் என்று வரிசைகள் வெளியிட்டன. இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் சிப்பாய்களுக்கென்று வில்ஸ் தனது ‘சிசர்ஸ்’ சிகரெட்டிலும் படக் கார்டுகள் வைத்தது. அந்தக் கத்திரி மார்க் சிகரெட் நம் ஊர்ப் பெட்டிக்கடைகளிலும் நெடுங்காலம் ஓடியது. நம் தெருப் பையன்களுக்கு உள்ளே படம் தேவைப்படவே இல்லை. காலி சிகரெட் பெட்டியின் அட்டையையே பிரித்து வைத்து, அடிக்கடி கிடைக்கும் பிராண்டுக்குக் குறைந்த மதிப்பு, அரிதாகக் கிடைப்பதற்கு உயர்ந்த மதிப்பு என்று தாங்களே விலை வைத்து ஆடினார்கள். விளம்பர மேலாளர் யாரும் சொல்லித்தராத அரிதுக் கணக்கு அது. 1940இல் போர்க்காலத் தாள் தட்டுப்பாடு வந்ததும் பிரிட்டனில் சிகரெட் கார்டு நின்றுபோனது.

அமெரிக்காவில் கார்டு 1909இல் திரும்பி வந்தபோது ஒரு விபத்து நடந்தது. அந்த வரிசையில் ஹோனஸ் வாக்னர் என்ற பேஸ்பால் வீரரின் கார்டும் இருந்தது. அவர் தன் படத்தைப் போடக் கூடாது என்று மறுத்துவிட்டார். சிறுவர்கள் புகையிலை வாங்கக் கூடாதென்று மறுத்தார் என்பார்கள் சிலர். காசு தரவில்லை என்று மறுத்தார் என்பார்கள் வேறு சிலர். காரணம் எதுவானாலும் அச்சு பாதியில் நின்றது. இன்று உலகில் மிஞ்சியிருப்பவை சில டஜன்கள்தான். 2022இல் ஒன்று 72.5 லட்சம் டாலருக்குக் கைமாறியது. ஒரு மனிதர் ‘வேண்டாம்’ என்று சொன்னதுதான் அந்த அட்டையின் மொத்த மதிப்பும். பின்னால் வந்த எல்லா நிறுவனங்களும் இந்த விபத்தைத் திட்டமிட்டே நிகழ்த்தக் கற்றுக்கொண்டன.

சிகரெட்டுக்குப் பிறகு கார்டு போய் ஒட்டிக்கொண்டது சூயிங்கத்தில். புரூக்ளினைச் சேர்ந்த டாப்ஸ் நிறுவனத்தில் சை பெர்கர் என்பவர் 1952ஆம் ஆண்டின் பேஸ்பால் வரிசையைத் தன் வீட்டுச் சமையலறை மேசையில் வைத்து வடிவமைத்தார். முன்பக்கம் படம், பின்பக்கம் வீரரின் புள்ளிவிவரம். இன்றுவரை மாறாத அமைப்பு. ஆனால் அந்த ஆண்டின் கடைசித் தொகுதி கோடை முடியும் நேரத்தில் வந்ததால் விலைபோகவில்லை. கிடங்கில் இடத்தை அடைத்துக்கொண்டு கிடந்த பெட்டிகளை 1960இல் ஒரு படகில் ஏற்றி, நியூயார்க் கரையிலிருந்து தள்ளிக் கொண்டுபோய்க் கடலில் கொட்டினார் பெர்கர். அந்தத் தொகுதியைச் சேர்ந்த, மிக்கி மேன்டில் என்ற வீரரின் கார்டு ஒன்று 2022இல் 1.26 கோடி டாலருக்கு ஏலம்போனது. கடலில் எத்தனை மேன்டில்கள் ஊறிப்போயின என்று நினைத்துப் பெருமூச்சு விடுவது அமெரிக்கச் சேகரிப்பாளர்களின் பழைய பொழுதுபோக்கு.

சிகரெட் காலத்திலேயே இன்னொரு கிளைக்கதை ஜப்பானில் தொடங்கியிருந்தது. 1889இல் கியோட்டோவில் புசாஜிரோ யமாவுச்சி என்பவர் ‘ஹனஃபுடா’ எனும் பூச்சீட்டுகளைக் கையால் செய்து விற்க ஒரு கடை வைத்தார். 16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் கொண்டுவந்த சீட்டுக்கட்டைச் சூதாட்டம் என்று அரசு தடைசெய்யும்போதெல்லாம், படத்தை மாற்றி மாற்றித் தப்பித்து வந்த வம்சத்தைச் சேர்ந்தவை அந்தப் பூச்சீட்டுகள். கடையின் பெயர் நின்டெண்டோ.

1965இல் அமெரிக்க மிட்டாய் இயந்திரம் ஒன்று ஜப்பானுக்கு வந்தது. காசு போட்டுத் திருகினால் ஒரு உருண்டைக் கூடு விழும். உள்ளே ஏதோ ஒரு பொம்மை. ‘கச்சா’ என்று திருகும் சத்தம், ‘பொன்’ என்று விழும் சத்தம்; அதுவே பெயராகி ‘கச்சாபொன்’ ஊரெங்கும் பரவியது. சிறுவர்களைக் குறிவைத்து, இந்தப் படமும் அந்தப் படமும் சேர்ந்தால் பெரிய பரிசு என்று ஆசை காட்டும் மிட்டாய் வியாபாரமும் அங்கே வளர்ந்தது. வெவ்வேறு அட்டைகளைச் சேர்த்து ஒரு தொகுதியாக்கினால் பரிசு என்னும் முறையை ஜப்பானின் வணிக நேர்மை ஆணையம் 1977இல் தடைசெய்தது. கைபேசி பிறக்காத காலத்தில் எழுதிய இந்த விதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 35 ஆண்டு தூங்கிவிட்டு எழுந்து வரப்போகிறது.

இதுவரை கார்டு சேர்ப்பதற்கானது மட்டுமே. சேர்த்ததை வைத்து ஆடும் யோசனை, வேறொரு விளையாட்டை விற்க முடியாமல் போனதில் பிறந்தது. 1991இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகக் கணித ஆய்வு மாணவர் ரிச்சர்ட் கார்ஃபீல்ட், தான் உருவாக்கிய ‘ரோபோராலி’ என்ற பலகை விளையாட்டை எடுத்துக்கொண்டு பீட்டர் அட்கிசனைப் பார்க்கப் போனார். அட்கிசன் போயிங்கில் வேலை பார்த்துக்கொண்டே ‘விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட்’ என்ற சிறு நிறுவனத்தை நடத்தியவர். பலகை விளையாட்டு அச்சிட அவரிடம் பணமில்லை. ரசிகர் மாநாடுகளில் வரிசையில் நிற்கும்போது சட்டென்று எடுத்து ஆட முடிகிற, செலவு குறைந்த ஏதாவது உண்டா என்று கேட்டார். ஓரிகனில் மல்ட்னோமா அருவிப் பக்கம் நடந்துகொண்டிருந்தபோது கார்ஃபீல்டுக்கு யோசனை தட்டியது: ஆடுபவர்கள் இருவரும் ஒரே கட்டிலிருந்து எடுக்க வேண்டியதில்லை. அவரவர் கட்டை அவரவரே சேர்த்துக்கொண்டு வரட்டும்.

‘மேஜிக்: தி கேதரிங்’ 1993 ஆகஸ்டில் வந்தது. அச்சிட்டது பெல்ஜியத்தில், சீட்டு அச்சுக்குப் பேர்போன டூர்ன்ஹவுட் ஊரின் கார்ட்டாமுண்டி. முதல் பதிப்பு 26 லட்சம் கார்டுகள். அவற்றில் மிக அரிய வகைகள் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 1,100 பிரதிகள் மட்டும். கார்ஃபீல்டின் கணக்கு எளிமையானது. ஒருவர் மற்ற விளையாட்டுகளுக்குச் செலவிடுகிற அளவுக்குத்தான் இதற்கும் செலவிடுவார். ஆகவே பலம் மிகுந்த ஓர் அரிய கார்டு ஒரு நண்பர் குழுவில் ஒருவரிடம்தான் இருக்கும். அதைப் பறிக்க, கெஞ்ச, மாற்றிக்கொள்ள மற்றவர்கள் அலைவார்கள். அந்த அலைச்சலும் ஆட்டத்தின் பகுதி. முழுப் பட்டியலைக்கூட வெளியிடவில்லை. எதிராளி இதுவரை யாரும் பார்க்காத ஒரு கார்டை மேசையில் வைக்கும் திகைப்பு அவருக்கு வேண்டியிருந்தது. ஆனால் ஆட்கள் பெட்டி பெட்டியாக வாங்கினார்கள். மாதக்கணக்கில் வரும் என்று நினைத்த சரக்கு பார்த்துக்கொண்டிருக்கும்போதே தீர்ந்தது. கணித வல்லுநரின் கணக்கில் தப்பிப்போன ஒரே மாறி மனித ஆசை.

பிறகு போலிகளின் படையெடுப்பு. ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற பெரும்புகழ் விளையாட்டை வைத்திருந்த டிஎஸ்ஆர் நிறுவனம், தன்னிடம் கிடந்த பழைய ஓவியங்களை எடுத்து ஒட்டி 1994இல் ‘ஸ்பெல்ஃபயர்’ என்று ஒன்றை அவசரமாக இறக்கியது. மூன்றே ஆண்டில் டிஎஸ்ஆர் கடனில் மூழ்க, அதை விலைக்கு வாங்கியவர் அட்கிசன்! அதே 1997இல் கார்ஃபீல்டின் ஆட்டமுறைக்கு அமெரிக்கக் காப்புரிமையும் கிடைத்தது. நகல்களில் நிலைத்ததும் மூலத்தையே மிஞ்சியதும் ஒன்றுண்டு. மேஜிக்கின் ரசிகரான சுனேகாசு இஷிஹாரா ஜப்பானில் உருவாக்கி 1996இல் வெளிவந்த போக்கிமான் கார்டு விளையாட்டு அது. பூச்சீட்டு விற்ற நின்டெண்டோவின் பாத்திரங்கள், ஒரு நூற்றாண்டு சுற்றிவிட்டு மறுபடியும் அட்டைக்கே வந்து சேர்ந்தன. 1999இல் அமெரிக்காவில் அதை விற்றதும் விசார்ட்ஸ்தான். அந்த ஆண்டே பொம்மை நிறுவனமான ஹாஸ்ப்ரோ விசார்ட்ஸை ஏறக்குறைய 32.5 கோடி டாலருக்கு வாங்கிக்கொண்டது.

கணினிக்குள் நுழைந்தபோது கார்டு முதலில் தன் பழைய குணத்தை விடவில்லை. 2002இல் வந்த ‘மேஜிக் ஆன்லைன்’ அச்சுப் பாக்கெட்டின் விலையிலேயே கணினிப் பாக்கெட்டையும் விற்றது. மின்வடிவில் ஒரு தொகுதி முழுவதையும் சேர்த்தால் அச்சுக் கார்டாக வீட்டுக்கு அனுப்பிவைக்கும் வசதியும் உண்டு. வாங்கலாம், விற்கலாம், மாற்றிக்கொள்ளலாம். மாற்றுவதற்கு ஒரு சந்தை வேண்டுமே என்று 2007இல் ஜெட் மெக்கேலப் என்ற நிரலாளர் ‘மேஜிக் தி கேதரிங் ஆன்லைன் எக்ஸ்சேஞ்ச்’ என்பதன் முதலெழுத்துகளைச் சேர்த்து ஓர் இணைய முகவரி பதிவுசெய்தார். கார்டுச் சந்தை நீண்ட நாள் நிலைக்கவில்லை. சும்மா கிடந்த அதே முகவரியில் 2010இல் பிட்காயின் விற்பனையைத் தொடங்கினார். மவுண்ட் காக்ஸ் என்று உலகம் அறிந்தது அதைத்தான். கைமாறிய பிறகு, 2014 பிப்ரவரியில் ஏறத்தாழ 8.5 லட்சம் பிட்காயின்கள் காணவில்லை என்று சொல்லி அது திவாலானது. மந்திரவாதிக் கார்டுகளுக்காகப் போட்ட கடையில் ஒரு நாணயத்தின் முதல் பெருங்கொள்ளை நடந்து முடிந்தது.

இலவச ஆட்டம் வந்த வழி வேறு. விளையாட்டை இலவசமாகக் கொடுத்து உள்ளே பொருள் விற்கும் முறையைத் தென்கொரிய நிறுவனங்கள் வளர்த்தன. அவற்றுள் ஒன்றான நெக்ஸான், 2004இல் தன் ‘மேப்பிள்ஸ்டோரி’யின் ஜப்பானியப் பதிப்பில் அந்தப் பழைய கச்சாபொன் இயந்திரத்தையே திரைக்குள் வைத்தது. காசு போட்டால் ஏதோ ஒன்று விழும். அடுத்த சில ஆண்டுகளில் க்ரீ, டிஎன்ஏ போன்ற ஜப்பானிய நிறுவனங்கள் கைபேசியில் இலவசக் கார்டு விளையாட்டுகளாகக் கொட்டின. அவற்றில் உச்சம் ‘கம்ப்ளீட் கச்சா’: குலுக்கலில் விழும் குறிப்பிட்ட சில கார்டுகள் எல்லாம் சேர்ந்தால்தான் பெரிய கார்டு கிடைக்கும். கடைசி ஒன்றுக்காகச் சிறுவர்கள் பெற்றோரின் கணக்கைக் காலிசெய்தார்கள். 2012 மே மாதம் நுகர்வோர் விவகார முகமை இதில் கைவைத்தது. புதுச் சட்டம் எதுவும் போட வேண்டியிருக்கவில்லை. அட்டைகளைச் சேர்த்தால் பரிசு என்பதைத் தடுத்த 1977ஆம் ஆண்டு விதி அப்படியே பொருந்தியது. செய்தி கசிந்த பிறகு சந்தை திறந்த அன்று க்ரீ, டிஎன்ஏ இரண்டின் பங்கும் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பகுதி சரிந்தது. டிஎன்ஏ என்ற பெயரையும் மறந்துவிட வேண்டாம்.

இந்த இரண்டு ஓடைகளும் கலந்த இடம் கலிஃபோர்னியா. பிளிசார்ட் நிறுவனத்தில் ஒரு சிறு குழுவுக்குக் கார்டு விளையாட்டுப் பொறுப்பு தரப்பட்டது. சீக்கிரமே ஆட்களையெல்லாம் வேறொரு பெரிய வேலைக்கு இழுத்துக்கொண்டுபோக, மிஞ்சியவர்கள் எரிக் டாட்ஸ், பென் புரோட் என்ற இருவர். நிரலாளர் இல்லாத நிலையில் தாளை வெட்டி ஆடிப் பார்த்தே விதிகளைச் செதுக்கினார்கள். ஆளில்லாமல் போனது விளையாட்டுக்கு நல்லதாயிற்று என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இருவர் தாளில் ஆட முடியாத எதுவும் உள்ளே தங்கியிருக்காது. மேஜிக்கில் எதிராளியின் முறையிலும் குறுக்கிட்டுக் கார்டு போடலாம். நேருக்கு நேர் மேசையில் அது சுவை. கணினியிலோ ஒவ்வொரு அடிக்கும் ‘குறுக்கிடுகிறீர்களா?’ என்று கேட்டு நிற்க வேண்டும். அதை அடியோடு வெட்டினார்கள். ஆட்டத்துக்குத் தேவையான சக்தியும் கார்டாக வர வேண்டியதில்லை, சுற்றுக்கு ஒன்றாகத் தானே ஏறட்டும் என்றார்கள். 60 கார்டுக் கட்டு 30 ஆனது. ஓவியங்களில் பெரும்பகுதி, அதற்குமுன் வந்த ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ அச்சுக் கார்டுகளிலிருந்து வந்தவை.

‘ஹார்த்ஸ்டோன்’ 2014 மார்ச்சில் முறையாக வெளியானது. மவுண்ட் காக்ஸ் திவாலாகி இரண்டு வாரம்கூட ஆகியிருக்கவில்லை. ஆனால் அதற்கு முன்பே ஒரு சீன நிறுவனம் அதைப் பார்த்து மூவரசுக் காலப் பின்னணியில் ஒரு நகல் செய்துவிட்டது. சோதனைப் பதிப்பைக் கண்டே நகலெடுத்துவிட்டார்கள். ஷாங்காய் நீதிமன்றத்தில் வழக்கு நடந்து பிளிசார்ட் வென்றது.

ஹார்த்ஸ்டோன் செய்த முக்கியமான மாற்றம் ஆட்ட விதியில் இல்லை, கார்டின் உரிமையில் இருக்கிறது. அதில் கார்டை யாருக்கும் கொடுக்க முடியாது, யாரிடமும் வாங்கவும் முடியாது. மிகுதியானதைப் ‘பொடி’யாக்கலாம், பொடியைச் சேர்த்து வேண்டிய கார்டைச் செய்துகொள்ளலாம். ஒரு சாதாரணக் கார்டை இடித்தால் 5 பொடி; அதையே செய்ய 40 வேண்டும். உயர்வகைக் கார்டுக்கு இடித்தால் 400, செய்ய 1,600. எட்டையோ நான்கையோ கொடுத்து ஒன்றை வாங்கும் இந்த மாற்று விகிதத்தைத் தெருப் பையன் எவனும் ஏற்றிருக்க மாட்டான். ஆனால் இங்கே எதிரில் இருப்பது நண்பன் இல்லை, கல்லாப்பெட்டி.

நிறுவனத்தின் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. பாக்கெட்டை இலவசமாக, ஆடி ஜெயித்தாலே கிடைக்கும்படி வைத்திருக்கிறார்கள். மாற்றிக்கொள்ளவும் விட்டால், ஆயிரம் போலிக் கணக்குகளைத் தொடங்கி இலவசக் கார்டையெல்லாம் ஒரே ஆளிடம் குவிக்கும் வியாபாரம் மறுநாளே முளைக்கும். இலவசமாக ஆடுபவர்கள் பாரமும் இல்லை. பணம் போட்டவருக்கு எதிரில் உட்கார ஆள் வேண்டும். அந்த ஆளாக அவர்கள்தான் இருக்கிறார்கள். சிகரெட் காலத்தில் படம் இலவசம், புகை காசு. இப்போது எதிராளி இலவசம், படம் காசு.

இது வெறும் வார்த்தை விளையாட்டாகத் தோன்றினால் 2017இல் சீனாவில் நடந்ததைச் சொல்லலாம். பாக்கெட்டில் எந்த வகைக் கார்டு எத்தனை சதவீதம் விழும் என்று வெளிப்படையாக அறிவிக்க வேண்டும் என அங்கே விதி வந்தது. உடனே ஹார்த்ஸ்டோனின் சீனக் கடையில் பாக்கெட் விற்பனை மறைந்தது. வாடிக்கையாளர் கொஞ்சம் பொடியை விலைக்கு வாங்குவார். பாக்கெட்டுகள் அதனுடன் ‘அன்பளிப்பாக’ வரும். ரிச்மண்டின் புகையிலைக்காரர்கள் பார்த்திருந்தால் எழுந்து நின்று கைதட்டியிருப்பார்கள்.

2018இல் பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம், காசு வாங்கிக்கொண்டு, உள்ளே என்னவென்று காட்டாமல் பொருள் தரும் பெட்டிகள் சில கணினி விளையாட்டுகளில் சட்டவிரோதச் சூதாட்டமே என்று அறிவித்தது. மேஜிக்கின் முதல் கார்டுகளை அச்சிட்ட அதே நாடு! கடையில் தொங்கும் அச்சுப் பாக்கெட்டுக்கு அங்கே தடை இல்லை.

அதே ஆண்டு நவம்பரில், பழைய நாளின் சந்தையைத் திரையில் மீட்கும் முயற்சி ஒன்றும் நடந்தது. வால்வ் நிறுவனம் கார்ஃபீல்டையே அழைத்து ‘ஆர்ட்டிஃபேக்ட்’ உருவாக்கியது. நுழைவுக்கு 20 டாலர், பாக்கெட்டுக்குத் தனிக்காசு, கார்டுகளை வெளிப்படையான சந்தையில் விற்கலாம், வாங்கலாம். கார்டுக்கு விலை உண்டு, ஆகவே அது உங்கள் சொத்து என்பது அவர்கள் வாதம். நேர்மையான வாதம்தான். ஆனால் இலவசத்துக்குப் பழகிய கூட்டம் வாசலில் டிக்கெட் கேட்டதும் கோபித்துக்கொண்டது. முதல் நாள் ஒரே நேரத்தில் 60,000 பேர் ஆடிய களத்தில் சில மாதங்களில் சில நூறு பேர் இருந்தார்கள். 2021இல் வளர்ச்சிப் பணியை நிறுத்தி, விளையாட்டை இலவசமாகத் திறந்துவிட்டார்கள். வந்து ஆடத்தான் ஆள் இல்லை. மேஜிக்கின் சொந்த வாரிசான ‘மேஜிக் அரீனா’ 2019இல் முழுமையாக வெளிவந்தபோது ஹார்த்ஸ்டோன் வழியையே பின்பற்றியது: இலவசம், மாற்றுவது கிடையாது.

2024 அக்டோபர் 30 அன்று வந்த போக்கிமான் டிசிஜி பாக்கெட்டைப் போக்கிமான் நிறுவனத்துக்காக உருவாக்கியவர்கள் கிரியேச்சர்ஸும், 2012இல் பங்கு சரிந்து அடிவாங்கிய அதே டிஎன்ஏவும். அச்சு விளையாட்டின் 60 கார்டுக் கட்டை இங்கே 20 ஆக்கினார்கள். பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒரு பாக்கெட் இலவசம். காத்திருக்க முடியாதவர்களுக்குக் கடை திறந்திருக்கிறது. ஆட்டத்தையே தொடாமல் உறை கிழிப்பதற்காக மட்டும் நாளுக்கு இருமுறை எட்டிப்பார்ப்பவர்களும் உண்டு. அவர்களைக் குறைசொல்ல முடியாது. விளையாட்டு அவர்களையும் எண்ணித்தான் கட்டப்பட்டிருக்கிறது.

2025 ஜனவரி இறுதியில் மாற்றிக்கொள்ளும் வசதியைச் சேர்த்தார்கள். ஒரே அரிதுநிலையில் உள்ள கார்டுகளை மட்டும் மாற்றலாம். அதற்கு ஒரு வகை டோக்கன் வேண்டும். டோக்கன் வேண்டுமானால் உங்களிடம் உள்ள வேறு நல்ல கார்டுகளை எரிக்க வேண்டும். ஒரு கார்டை மாற்ற நான்கைந்தை அழிப்பதா என்று எழுந்த கூச்சலில் நிறுவனம் இறங்கிவந்தது. ஜூலையில் டோக்கன் போனது. மிகுதிக் கார்டுகளிலிருந்து கிடைக்கும் பொடியையே கட்டணமாகக் கொடுத்தால் போதும் என்றானது. நண்பரும் நண்பரும் நேராக மாற்றிக்கொள்கிறார்கள். தரகருக்கு உரிய கூலி மட்டும் இப்போதும் தவறாமல் போய்ச் சேருகிறது.